கமரன் துரை போட்ட வேடம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மஃரிப் தொழுதுவிட்டு ஜிந்துப்பிட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சான் செட்டியார் தெருப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். இரவு ஒன்பதுக்கு முன் வீடு திரும்பாத மனிதர். அன்று எனக்கு முன்னரே வந்து, சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வந்தது, கூடவே தொதலும் வந்தது. ஏதோ ஒரு காரியத்துக்குத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று விளங்கிவிட்டது.

"மச்சான், இந்தப் புள்ளக்கி நீங்க கொஞ்சம் எடுத்துச் செல்லுங்க. இங்கிலீஷ் படிக்கப் போறேன் எண்டு போன புள்ள, இப்ப படம் பாத்துக்கிட்டு ஈக்கி" என்றார்.

மருமகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறாள். நாலாம் வருடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த விசயம், விக்டோரியா மகாராணி காலத்துப் புத்தகங்களில் வந்த படங்கள். மச்சானுக்கு இது அறவே பிடிக்கவில்லை. மூன்று வருடத்தோடு ஒரு பொதுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தால் போதாதா, வெளியூர் விடுதியில் இன்னுமொரு வருடம் எதற்கு, அதுவும் படம் பார்ப்பதற்கா என்பது அவருடைய கேள்வி. நல்ல இடம் ஒன்றும் கேட்டு வந்திருந்தது. தங்கை ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுப்படிக் கதவருகில் நின்றவள் உள்ளே போகவுமில்லை.

சகோதரிகளே, இப்படிப்பட்ட சபைகளில் மௌலவிமாரை உட்கார வைப்பது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். முடிவை வீட்டார் முன்னரே எடுத்திருப்பார்கள். அதைச் சொல்லும் வாய் மட்டும் தாடி வைத்த வாயாக இருக்க வேண்டும். எனக்கோ ஆங்கில இலக்கியம் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன் நான். தெரியாத விசயத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே முதலில் படித்த பாடம். ஆகவே, "அந்தப் படத்தைக் கொண்டு வாங்க மகள், பார்ப்போம்" என்றேன்.

கைத்தொலைபேசியையும் தடித்த ஒரு கோப்பையும் எடுத்து வந்தாள்.

முதலில் தன் பாட்டைச் சொன்னாள். முதலாம் வருடம் எண்ணூறு பக்க நாவலைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் இதைப் பற்றிப் பேசுவோம் என்றார்களாம். சொற்களை அகராதியில் தேடிவிடலாம், ஆனால் பொருட்களை எங்கே தேடுவது? புகைக்கூண்டுக்குள் பிள்ளையை ஏற்றிக் கரி சுரண்ட வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. கொழும்பு வெயிலில் பிறந்த பிள்ளைக்கு, மனிதன் நுழையக்கூடிய புகைக்கூண்டு எப்படி விளங்கும்? வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் சளசளவென்று பேசும்போது, தான் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். மலிவுப் பதிப்புகளில் படங்களை எடுத்துவிடுவார்கள். ஒருநாள் விரிவுரையாளர் அந்த நாவலின் பழைய பதிப்பைத் திரையில் காட்டினாராம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் படம். "அண்டைக்குத்தான் மாமா எனக்குக் கதை நடக்கிற வீடே தெரிஞ்சிச்சு" என்றாள்.

நாவல் என்றால் தடித்த புத்தகமாகத்தான் கடைக்கு வரும் என்று நாம் நினைக்கிறோம். சார்ள்ஸ் டிக்கன்ஸின் கதைகளில் பல, உங்கள் கையில் இருக்கும் இந்தச் சஞ்சிகையைப் போல மாதாமாதம் வந்தவை. 32 பக்கங்கள், இரண்டு படங்கள், ஒரு ஷில்லிங் விலை. வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். அடுத்த மாதம் வரும்வரை அவர்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள்தாம். 1836 இல் தொடங்கிய பிக்விக் கதையில் படக்காரர்தான் முக்கியமானவர். ரொபேர்ட் சீமூர் என்ற பேர்போன சித்திரக்காரர் படங்களை வரைவார், அவற்றுக்குப் பொருத்தமாக எழுத 24 வயது டிக்கன்ஸைப் பிடித்தார்கள். டிக்கன்ஸ் ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிட்டார், கதை முந்திக்கொண்டது. முதல் இதழ் வந்த சில வாரங்களில் சீமூர் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் 20 வயதேயான ஹப்லட் பிரவுண். 'ஃபிஸ்' என்ற புனைபெயரில் இருபது வருடத்துக்கு மேல் டிக்கன்ஸுக்குப் படம் வரைந்தவர் அவர்தான்.

படம் அச்சாகும் விதத்தை அவள் சொன்னபோது எனக்கு என் வாப்பாவின் நினைவு வந்தது. அவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர். சஞ்சிகைக்குப் படம் வேண்டுமென்றால் 'புளொக்' செய்ய வேண்டும் என்பார். அந்தக் காலத்துப் புளொக் மரத்தினாலானது. பொக்ஸ்வூட் என்ற இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, வழுவழுப்பாக்கி, வெள்ளை பூசி, அதன்மேல் ஓவியர் வரைவார். பிறகு செதுக்குகாரர் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கெல்லி எடுப்பார். ஓவியரின் கைவேலை அங்கேயே அழிந்துபோகும், வாசகர் பார்ப்பது செதுக்கியவரின் கையைத்தான். லண்டனில் டால்சியல் சகோதரர்கள் இந்த வேலையில் பேர் எடுத்தவர்கள். 'அலிஸின் அற்புத உலகம்' கதைக்கு ஜோன் டெனியல் வரைந்த 42 படங்களையும் செதுக்கியவர்கள் அவர்களே. 1865 இல் அச்சான முதல் 2,000 பிரதிகளில் படம் சரியாகப் பதியவில்லை என்று டெனியல் முறையிட, ஆசிரியர் அத்தனையையும் திருப்பி எடுத்தாராம். வாப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை நன்றாக ரசித்திருப்பார்.

அடுத்து அவள் காட்டிய படம் என்னைச் சற்று நேரம் பேசாமல் உட்கார வைத்தது.

டிக்கன்ஸின் 'ஒலிவர் ட்விஸ்ட்' கதையில் ஃபேகின் என்றொருவன். அநாதைப் பிள்ளைகளைப் பிடித்து ஜேப்படித் திருட்டுப் பழக்குகிறவன். அவனை டிக்கன்ஸ் 'யூதன், யூதன்' என்றே பக்கத்துக்குப் பக்கம் எழுதினார். படம் வரைந்தவர் ஜோர்ஜ் குரூக்ஷாங்க். கொக்கி மூக்கு, கலைந்த தாடி, நீண்ட அங்கி. அடுப்பில் சொசேஜஸ் வெந்துகொண்டிருக்கின்றன. அந்நாளைய லண்டனில் சொசேஜஸ் என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான், அது யூதர்களுக்கும் ஹராம். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் அந்த மக்களின் அடுப்படி தெரிந்திருக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

1863 இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதி, எங்கள் சமூகத்துக்கு நீங்கள் பெரும் அநியாயம் செய்துவிட்டீர்கள் என்று முறையிட்டார். முதலில் டிக்கன்ஸ் தன் பக்க நியாயத்தைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடிதம் வீண்போகவில்லை. அடுத்து எழுதிய 'நம் இருவரின் நண்பர்' என்ற நாவலில் ரியா என்ற நல்ல மனம் படைத்த யூத முதியவரைக் கொண்டுவந்தார். 1867 இல் ஒலிவர் கதை மறுபதிப்பானபோது 'யூதன்' என்ற சொல்லைப் பல இடங்களில் நீக்கினார்.

"சொல்லத் திருத்திட்டார் மாமா. படத்த யார் திருத்துற? அது இண்டைக்கும் அப்பிடியேதான் ஈக்கி" என்றாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாடியையும் நீண்ட உடையையும் வரைந்துவிட்டால் அதற்குக் கீழே எதையும் எழுதலாம் என்றிருந்த ஒரு காலத்தை 2019 இல் நாமும் கண்டோமே.

இடையில் ஒரு தகவல். அந்த 'நம் இருவரின் நண்பர்' நாவலை டிக்கன்ஸ் காணிக்கையாக்கியது யாருக்குத் தெரியுமா? சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டுக்கு. 1845 முதல் சில வருடங்கள் இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்து, 1859 இல் 'சிலோன்' என்று இரண்டு பாகங்களில் படங்களோடு பெரிய புத்தகம் எழுதினாரே, அவர்தான். விக்டோரியா காலம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத காலம் என்று எண்ணிவிடுகிறோம். சித்திலெப்பை மரைக்கார் 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதும் 1885 இல் 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டதும் அதே மகாராணியின் காலத்தில்தான்.

பிள்ளை செய்யும் வேலை எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதியவர்களுக்குத் தெரியும். பக்கத்தின் நடுவில் மூலம் இருக்கும், அதை மத்ன் என்போம். அதற்கு விளக்கம் ஷரஹ். பக்க ஓரங்களில் பொடி எழுத்தில் சாய்வாகவும் தலைகீழாகவும் ஓடும் குறிப்புகள் ஹாஷியா. ஓரத்தை வாசிக்கத் தெரியாதவன் கிதாபு ஓதியவனாகமாட்டான் என்பார் எங்கள் உஸ்தாத். சில ஷரஹ்கள் மூலத்தைத் திறந்து காட்டும். சில, மூலத்தில் இல்லாததை உள்ளே நுழைத்துவிடும். எது எது என்று பிரித்தறிவதுதான் ஓதலே. இந்தப் படங்களும் ஒரு வகை ஷரஹ் அல்லவா என்று கேட்டேன். பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. 1857 இல் டெனிசன் என்ற கவிஞரின் பாடல்களுக்குப் பெரிய ஓவியர்கள் படம் வரைய, அதில் ஒரு பெண்ணின் கூந்தல் சூறாவளியில் அகப்பட்டதுபோலப் பறப்பதைப் பார்த்து, நான் அப்படி எழுதவில்லையே என்று கவிஞரே குறைப்பட்டுக்கொண்டதைச் சொன்னாள்.

மச்சான் விடவில்லை. "எல்லாம் சரி மச்சான், உருவப்படம் கூடாது எண்டு நீங்கதானே பயான்ல செல்ற?" என்றார்.

நியாயமான கேள்வி. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குவது பற்றி ஹதீஸ்களில் கடுமையாக வந்திருப்பதை நான் மறைக்கவில்லை. புகைப்படத்தைப் பற்றி இக்கால உலமாக்கள் இரு கருத்தாக இருப்பதையும் சொன்னேன். ஆனால் உருவம் ஆக்குவது வேறு, முன்னோர் ஆக்கி வைத்ததை எதற்காக ஆக்கினார்கள் என்று ஆராய்வது வேறு. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை மெதுவாகக் கேட்டாள், "மாமா, நீங்க மகாமாத் ஓதினீங்கதானே?"

ஓதினேன். பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரீ எழுதிய 50 மகாமாக்கள். ஊர் ஊராக வேடம் மாற்றி, சொல்வன்மையால் சனங்களை ஏமாற்றிப் பிழைக்கும் அபூ ஸைத் என்பவனின் கதைகள். அரபு மொழியின் ஆழத்துக்காக அதை ஓதுவிப்பார்கள். ஒரு வரிக்கு ஒரு பக்கம் ஹாஷியா பார்த்துக் கண் வலித்தது இன்னும் மறக்கவில்லை.

அவள் தொலைபேசியில் ஒரு படத்தைத் திறந்தாள். பாக்தாதில் ஹிஜ்ரி 634 இல், அதாவது 1237 இல், யஹ்யா அல்வாஸிதீ என்பவர் தன் கையாலேயே எழுதி, 99 படங்களும் வரைந்த மகாமாத் பிரதி. இப்போது பாரிஸ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு நூலகத்தின் படம். புத்தகங்கள் நம் வழக்கம்போல நிமிர்ந்து நிற்காமல் தட்டுகளில் படுக்கையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் தலைப்பாகை கட்டியவர்கள் உட்கார்ந்து ஓதலைப் பற்றி வாதாடுகிறார்கள். இன்னொன்றில் ஒட்டகங்கள், கழுத்துக்கு மேல் கழுத்தாக. இந்தப் பிரதி எழுதப்பட்டு 21 வருடத்தில் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். இது எப்படியோ தப்பியிருக்கிறது.

நான் ஓதிய கிதாபுக்கு இப்படியொரு பிரதி இருப்பதை, ஆங்கிலம் படிக்கப் போன பிள்ளையிடமிருந்து அறிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோசம் அதிகம்.

"கடைசியா ஒண்டு காட்டுறேன்" என்று வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "வாப்பா, ஸ்கூல்ல கோல்புறூக் - கமரன் படிச்சீங்களா?"

"படிக்காம? 1833. ராஜகாரியத்த ஒழிச்ச, சட்டசபை வெச்ச. பரீட்சைக்குக் கட்டாயம் வரும்" என்றார் மச்சான். வரலாற்றில் தனக்கு நல்ல புள்ளி என்பதை இன்றும் சொல்லிக்கொள்பவர் அவர்.

"அந்தக் கமரன்தான் இது."

படத்தில் ஒரு கிழவர். தோளில் விழும் நரை முடி, நெஞ்சை மறைக்கும் வெண்தாடி, கறுப்பு அங்கி. அவரருகில் ஓர் இளம்பெண் மந்திரம் போடுவதுபோலக் கையை உயர்த்தி நிற்கிறாள். ஆர்தர் ராஜா கதையில் வரும் மெர்லின் என்ற மந்திரக்காரனின் வேடத்தில் நிற்பவர், நமது நீதிமன்ற முறையை ஒழுங்கு செய்ய 1830 இல் இங்கே வந்த சார்ள்ஸ் ஹே கமரன் துரை! மச்சான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தங்கையும் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

படம் பிடித்தவர் துரையின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கையில் எடுத்தவர். கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார், கரி போடும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் பிடித்துவிட வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். துரைக்கு மெர்லின் வேடத்தில் சிரிப்பு வந்துவிடுமாம். அவர் குலுங்கினால் படமும் கலங்கிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. இதைக் கேட்டுத் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரரான அந்த டெனிசன்தான், ஆர்தர் கதைப் பாடல்களுக்குப் படம் பிடித்துத் தரும்படி 1874 இல் கேட்டார். பெரிய படங்களைச் சின்ன மர அச்சாக்கிப் புத்தகத்தில் போட்டதும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. தானே பெரிய அளவில் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கவிதை வரிகளைத் தன் கையெழுத்திலேயே எழுதி அச்சிட்டார். படம் மத்ன் ஆகவும் பாட்டு ஹாஷியாவாகவும் மாறிய புத்தகம் என்று நான் சொன்னேன். பிள்ளை அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம், 1875 இல், இருவரும் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். இங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. மரணித்தால் அடக்குவதற்கு இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். அம்மா 1879 இல் மரணித்தார், துரை அடுத்த வருடம். பொகவந்தலாவையில் ஒரு சிறிய தேவாலயத்து மண்ணில் இருவரும் அடக்கப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே அவர் பிடித்த படங்களில் எஞ்சியவை மிகக் கொஞ்சம். தோட்டத்துத் தொழிலாளர்கள், கிராமத்து மக்கள். பிள்ளை எழுதப்போவது அந்தப் படங்களைப் பற்றித்தான். "இங்கிலாந்துல அவங்கட வீட்டு வேலைக்காரிக்கும் பேர் ஈக்கி மாமா. மேரி ஹில்லியர். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவங்கட வேடத்தில நிக்க வெச்சிருக்காங்க. இங்க உள்ள ஆக்களுக்குப் பேர் இல்ல. குடியானவர், கூலி, அவ்வளவுதான்."

கடைசியாகத் திறந்த படம் 1878 இல் களுத்துறையில் எடுத்தது. ஒரு முதியவர், பக்கத்தில் சிறுமி. கீழே அம்மாவின் குறிப்பு. அந்தச் சிறுமிக்கு 12 வயது, கிழவர் அவளுடைய தகப்பனாம், தனக்கு 100 வயது என்று அவரே சொல்கிறாராம். வயதைக் கேட்டு எழுதியவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

மச்சானின் உம்மா களுத்துறையில் பிறந்தவர். அவர் தொலைபேசியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தார்.

"இவக யாரு எண்டு கண்டுபிடிக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"தெரியா வாப்பா. தோட்டத்துப் பழைய கணக்குக் கொப்பி, கடிதம், அது இது எண்டு தேடிப் பாக்கணும். அதுக்குத்தான் நாலாம் வருஷம் வேணும் எண்டு செல்ற."

இஷாவுக்குப் பாங்கு சொன்னது. நாங்கள் இருவரும் எழுந்து பள்ளிக்கு நடந்தோம். கேட்டு வந்த இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது சந்தியில் நின்று, ஹட்டனில் இறங்கினால் பொகவந்தலாவைக்கு எத்தனை மணி வரை பஸ் இருக்கும் என்று என்னிடம் விசாரித்தார். அன்றைக்குக் கடையை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் இப்போது அவருடைய கவலை.